வீரம்மா பேர் வைத்த கேசட்

கோயம்புத்தூர் காந்திபுரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அந்த ஒலிப்பதிவு அறை இருந்தது. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள். உள்ளே வந்ததும் அங்கம்மா அதைத்தான் பார்த்தாள். இவ்வளவு முட்டையையும் யார் தின்று தீர்த்திருப்பார்கள் என்று யோசித்தாள். அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் பதினெட்டு வருஷமாகக் கொழுந்து பறிக்கிறவள். 1992 மே மாதம், ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து, கேசட்டுக்குப் பாட வந்திருந்தாள்.

முதல் வரி பாடியதுமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தேவநேசன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டார். ஒலிப்பதிவு அவர் வேலை.

"ஏனுங்கம்மா, மைக்கு உங்க மூக்குக்கு முன்னாலதானுங்க இருக்குது. எதுத்த மலைக்குக் கேக்கோணும்னு பாடறீங்களே."

"எதுத்த தேயிலை நெரைக்குத்தான் பாடுனேன் தம்பி. மலைக்கின்னா இதைவிட ஏத்தணும்."

மூன்றடி பின்னால் போகச் சொன்னார். சத்த அளவு காட்டுகிற முள் இன்னும் சிவப்பிலேயே போய் இடித்தது. ஆறடி போகச் சொன்னார். கடைசியில் அறைக் கதவில் முதுகு சாய்ந்து நின்றுகொண்டுதான் அவள் எட்டுப் பாட்டையும் பாடினாள்.

அவளை அங்கே கொண்டுவந்தவர் ஞானசீலன். குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே கேசட் கடை வைத்திருந்தார். சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்துகிறவர். அதுவரை ஆறு கிறிஸ்துமஸ் கேசட் வெளியிட்டிருந்தார். எஸ்டேட் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு மைக் செட் கொண்டுபோன இடத்தில் கரண்ட் போய்விட்டது. கூட்டம் கலையாமல் இருக்கட்டும் என்று யாரோ அங்கம்மாவை மேடையில் ஏற்றிவிட்டார்கள். ஞானசீலன் அப்போது ஃபியூஸ் போடுவதற்காக வாசல் கேட்டுக்குப் போயிருந்தார். அங்கிருந்தே ஒரு சொல் விடாமல் கேட்டது. பாட்டெல்லாம் யாருடையது என்று விசாரித்தார். அவளே கட்டியது என்றார்கள். நாற்பது பாட்டு இருக்கும், எதையும் எழுதிவைக்கவில்லை, அவளுக்கு எழுதவும் தெரியாது என்றார்கள்.

கேசட் போடலாமா என்று அவர் கேட்டபோது அங்கம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அது சிலோனுக்குப் போகுமா?"

"போகுமுங்க. ரேடியோவுக்கே ஒண்ணு அனுப்பி வெக்கறேன். நல்லா இருந்தா போடுவாங்க."

"அப்பப் பாடுறேன்."

சிலோனில் அவள் அக்கா வீரம்மா இருந்தாள். பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அடுத்தடுத்த நெரையில் கொழுந்து எடுத்து வளர்ந்தவர்கள் இருவரும். தோட்டத்து ஆட்களை இரண்டு நாடும் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் வந்தது. அங்கம்மா குடும்பத்துக்கு இந்தியா என்று காகிதம் வந்தது. வீரம்மாவின் புருஷன் மூக்கனுக்கு சிலோன் என்று வந்தது. 1974-ல் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இரண்டு மாதம் கிடந்து, அங்கம்மா இந்த மலைக்கு வந்து சேர்ந்தாள். வருஷத்துக்கு இரண்டு கடிதம் வந்துகொண்டிருந்தது. 83 ஜூலைக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. கலவரத்தில் தபால் எல்லாம் கெட்டுப்போச்சு என்று லயத்தில் சொன்னார்கள். லயம் என்பது அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகள். அதில் நாற்பது வீடு. நாற்பதும் சிலோனிலிருந்து வந்தவர்கள்.

அங்கம்மாவின் பாட்டு எதற்காகப் பிறந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மலையில் பனி இறங்கினால் பக்கத்து நெரையில் நிற்கிற ஆள் தெரியாது. அவள் வழுக்கி ஓடைக்குள் போனாலும் தெரியாது. காட்டெருமை வந்து நின்றாலும் தெரியாது. பதினாலு வயதில் வீரம்மா அப்படித்தான் மழைத்தண்ணீர் ஓட வெட்டிய ஒரு கானுக்குள் விழுந்து, காலை மடக்கிக்கொண்டு, பொழுது சாய்கிற வரைக்கும் கிடந்தாள். மறுநாளிலிருந்து அங்கம்மா பாட ஆரம்பித்தாள்.

*பனி எறங்கி மலை மறைஞ்சு*
*பக்கத்து நெரை தெரியலையே*
*கூடை நெறஞ்சு போச்சா வீரம்மா*

பேர் வந்ததும் பாட்டு நிற்கும். இரண்டு கிள்ளு கிள்ளுகிற நேரம் நிற்கும். அதற்குள் பேருக்கு உரியவள் "ஓய்" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வந்தால் அடுத்த அடி. வராவிட்டால் எல்லோரும் கூடையை இறக்கிவிட்டுத் தேடப் போக வேண்டும். நீலகிரிக்கு வந்த பிறகும் இதே வழக்கம்தான். மேஸ்திரியின் புதுச் சட்டையைப் பற்றிய பாட்டாக இருந்தாலும் சரி, லீவு கேட்கப் போனவள் ஆபீஸ் வாசலில் தூங்கிய பாட்டாக இருந்தாலும் சரி, நடுவில் ஒரு பேர் வரும். அன்றைக்கு அந்த மலையில் நிற்கிறவள் பேர். தினம் ஒரு பேர், பாட்டுக்கு ஒரு பேர்.

இதில் ஒரே ஒரு கட்டு உண்டு. செத்தவர் பேரை வைக்கக் கூடாது. கூப்பிட்டால் யார் பதில் சொல்வது? பதில் வராத பேரைக் கூப்பிட்டால் மலை அதை வாங்கிக்கொள்ளும் என்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிற சின்னப் பெண்ணுக்குக்கூட முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார்கள்.

ஸ்டுடியோவில் பேர் வருகிற இடம் வந்ததும் அங்கம்மா நிறுத்தினாள். முன்னால் நெரையும் இல்லை, ஆளும் இல்லை. கண்ணாடியும் தேவநேசனின் வழுக்கையும்தான் இருந்தன. அவள் வீரம்மா என்று பாடினாள். எட்டுப் பாட்டிலும் அதே பேர். அதற்காகத்தானே வந்தாள். ரேடியோவில் எட்டுத் தடவை கூப்பிட்டால் ஒரு தடவையாவது காதில் விழாதா? விழுந்தால் அக்கா பதில் கொடுக்காமல் இருக்க மாட்டாள். கடிதமாகவாவது கொடுப்பாள்.

தேவநேசனுக்கு அந்த இடைவெளி பிடிபடவில்லை.

"பேருக்கு அப்பறம் சும்மா நிக்குதுங்களே. ஒரு புல்லாங்குழல் உட்டுரட்டுங்களா?"

"வேண்டாம்."

"கோரஸ் புள்ளை ஒண்ணு இருக்குது. 'ஓய்'னு சொல்லச் சொல்லலாம்."

"அவ பேருக்கு அந்தப் புள்ளை எப்பிடித் தம்பி பதில் சொல்லும்?"

ஞானசீலன் நடுவில் புகுந்து, இருக்கட்டும் என்று கண்ணைக் காட்டினார். தபேலாவும் கீபோர்டும் சேர்த்தார்கள். அந்த இடைவெளியை மட்டும் வெறுமனே விட்டார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. மேட்டுப்பாளையம் பஸ்ஸில் அங்கம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்தது.

கேசட் ஜூலை மாதம் வந்தது. 'கொழுந்து மலைப் பாட்டு' என்று பேர் வைத்திருந்தார் ஞானசீலன். அட்டையில் அங்கம்மாவின் முகம் ஒரு வட்டத்துக்குள் இருந்தது. பின்னால் ஒரு தேயிலைத் தோட்டம் பாய் விரித்த மாதிரித் தட்டையாகக் கிடந்தது. மலையே இல்லை. ஏதோ அசாம் காலண்டரிலிருந்து எடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் ஒரு மேஜை போட்டு, டேப் ரெக்கார்டர் வைத்து, இரண்டு ஒலிபெருக்கி கட்டினார் ஞானசீலன். இருநூறு பேர் கூடினார்கள். மேஸ்திரி முன் வரிசையில் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் மேஸ்திரி, பாட்டுல வர்றது இந்தச் சட்டையா, போன வருசத்துச் சட்டையா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"பாட்டுல வர்றது கிழியாது. இது கிழியும். நீ தள்ளி உக்காரு" என்றார் அவர்.

சிரிப்பு அடங்குவதற்குள் பாட்டு ஆரம்பித்தது. பனி எறங்கி மலை மறைஞ்சு. தபேலா வந்ததும் இளவட்டங்கள் தலையாட்டினார்கள். பக்கத்து நெரை தெரியலையே. பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். யார் பேரை வைத்திருக்கிறாளோ, அவள் குரல் கொடுக்க வேண்டுமே.

*கூடை நெறஞ்சு போச்சா வீரம்மா*

ஒலிபெருக்கி நின்றது. இரண்டு கிள்ளு நேரம். யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த அடி வந்தது.

இரண்டாவது பாட்டிலும் அதே பேர் வந்தது. யாரும் தலையாட்டவில்லை. சிலர் தரையைப் பார்த்தார்கள். அங்கம்மாவின் புருஷன் லிங்கசாமி ஃபேக்டரியில் இலை வாட்டுகிற வேலை செய்கிறவர். கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த அவர் மூன்றாவது பாட்டில், ஷிப்ட் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி கிடையாது.

அங்கம்மா கீபோர்டைத்தான் சந்தேகப்பட்டாள். அந்தச் சத்தம் இவர்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். பக்கத்து வீட்டு ஜெஸிந்தா எதிரே உட்கார்ந்திருந்தாள். எட்டாவது வரை படித்தவள். லயத்துக்கு வருகிற கடிதமெல்லாம் அவள்தான் படித்துச் சொல்வாள். நாலாவது பாட்டில் பேர் வந்தபோது ஜெஸிந்தா முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு சிலுவை போட்டாள். ஐந்தாவதிலும் போட்டாள். பாட்டைக் கேட்டு ஒருத்தி ஏன் சிலுவை போட வேண்டும் என்று அங்கம்மாவுக்குப் புரியவில்லை.

கேசட் நன்றாகத்தான் விற்றது. லயத்தில் முப்பது வீட்டுக்காரர்கள் வாங்கினார்கள். டேப் ரெக்கார்டர் இல்லாதவர்களும் வாங்கினார்கள். "நம்ம அங்கம்மா" என்று சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். குன்னூரில் போயிற்று. ஊட்டியில் போயிற்று. கோயம்புத்தூர்ப் பேப்பர் ஒன்றில் நாலு வரி வந்தது. அதை ஞானசீலன் வெட்டிக்கொண்டுவந்து கொடுத்தார். கொழும்புக்கு இரண்டு பிரதி தபாலில் போய்விட்டது என்றும் சொன்னார். கோத்தகிரியில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டி முடித்ததும் இதைத்தான் போட்டார்கள் என்றார்.

லயத்தில் மட்டும் எந்த வீட்டிலும் அது பாடவில்லை.

அங்கம்மா கவனிக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் தண்ணீர்க் குழாயடிக்குப் போய்வரும்போது வீடு வீடாகக் காது கொடுத்தாள். சினிமாப் பாட்டுப் பாடிற்று. ஐயப்பன் பாட்டுப் பாடிற்று. ஒரு வீட்டில் ஞானசீலனின் கிறிஸ்துமஸ் பாட்டு ஆடி மாசத்தில் பாடிற்று. அவளுடையது பாடவில்லை. பத்து நாள், இருபது நாள் பார்த்தாள். தன் வீட்டில் போடச் சொன்னபோது லிங்கசாமி பேட்டரி இல்லை என்றார். மறுநாள் அதிலேயே செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் பனி கனமாக இறங்கியது. ஏழாம் நம்பர் மலையில் பதினாறு பெண்கள். ஜெஸிந்தா அடுத்த நெரையில் இருப்பது சத்தத்தில் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. கொழுந்து ஒடிகிற சத்தம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. அங்கம்மா பாடினாள். வழக்கம்போல மேஸ்திரி சட்டைப் பாட்டு, லீவுப் பாட்டு என்று போனாள். பேர் வந்த இடத்தில் அவரவர் பதில் கொடுத்தார்கள். அப்புறம் பனிப் பாட்டுக்கு வந்தாள். கூடை நெறஞ்சு போச்சா என்று இழுத்து, வீரம்மா என்று வைத்தாள்.

கொழுந்து ஒடிகிற சத்தம் நின்றுவிட்டது. பதினாறு பேருடைய கையும் ஒன்றாக நின்றது.

அவள் அடுத்த அடிக்குப் போகவில்லை. திரும்பவும் அதே அடியைப் பாடினாள். திரும்பவும் அதே பேரை வைத்தாள்.

பனிக்குள்ளிருந்து ஜெஸிந்தாவின் குரல் வந்தது.

"அந்தப் பேரு வேண்டாம்க்கா."

"ஏன் வேண்டாம்?"

பனிக்குள் ஒரு கூடை இறங்குகிற சத்தம் கேட்டது.

"உனக்கு எப்பத் தெரியும் ஜெஸிந்தா?"

"எம்பத்து நாலு தைப் பொங்கலுக்கு முன்னாடி. நான்தான் படிச்சேன்."

"இவளுகளுக்கு?"

"எல்லாருக்கும் தெரியும்க்கா."

யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். அங்கம்மா கையைப் பார்த்தாள். கையில் கொழுந்து இருந்தது. அதைக் கூடையில் போட்டாள். "நெரையை முடிங்க. எடை போட வந்துருவாங்க" என்றாள். அன்றைக்கும் அவள் வழக்கம்போலத்தான் எடுத்தாள். எடை போட்டவருக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அடுப்புப் பற்றவைத்தாள். லிங்கசாமி ஷிப்ட் முடிந்து வந்ததும் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"அந்தக் கடுதாசியை எடுங்க."

அவர் எந்தக் கடுதாசி என்று கேட்கவில்லை. தகரப் பெட்டியின் அடியில் பாஸ்போர்ட் வைத்திருந்த பையிலிருந்து அதை எடுத்தார். மூக்கன் யாரையோ வைத்து எழுதச் சொன்னது. ஒரே பக்கம். லிங்கசாமி எழுத்துக் கூட்டிப் படித்தார். லயத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள், பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள், அங்கே எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு வந்தது, ஆவணி மாசம் நாலாம் தேதி வீரம்மா காலமாகிவிட்டாள், தங்கச்சிக்குப் பக்குவமாகச் சொல்லவும். அவ்வளவுதான் இருந்தது.

"நீ அப்ப வயித்துல ஆபரேசன் பண்ணிக் கெடந்த. ஒரு மாசம் எதையும் சொல்லாதீங்கன்னு டாக்டர் சொன்னாரு. சரி, பொங்கல் போகட்டும்னேன். பொறகு மக சடங்கு வந்துச்சு. நல்ல காரியத்துல எப்பிடிச் சொல்றது? அதுக்கப்புறம் வருசம் ஓடிருச்சு. ஒரு வருசம் கழிச்சுச் சொன்னா, ஏன் ஒரு வருசம் சொல்லலைன்னு கேப்ப."

"எட்டு வருசம்."

"ஆமா."

"பாடப் போறேன்னு சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"நீ அந்தப் பேரை வைப்பேன்னு நான் என்னத்தைக் கண்டேன்? மலையில நிக்கிறவ பேரைத்தானே வைப்ப."

அது நியாயம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அரிசி கொதித்தது. இறக்கி வடித்தாள். அழுகை வரும் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வரவில்லை. எட்டு வருஷத்துப் பழைய சாவுக்கு எந்த முறையில் அழுவது, யாரைக் கட்டிக்கொண்டு அழுவது? லயத்தில் மற்றவர்கள் அழுது முடித்து, வேறு சாவுகளுக்கும் அழுதுவிட்டார்கள். சாப்பாடு போட்டாள். அவர் சாப்பிட்டார். அவளும் சாப்பிட்டாள். ஊறுகாய் இருக்கிறதா என்று அவர் கேட்டார். எடுத்து வைத்தாள்.

அடுத்த வாரம் குன்னூருக்குப் போய் ஞானசீலனைப் பார்த்தாள்.

"அந்தப் பேரை அழிக்க முடியுங்களா?"

"ஏனுங்க, என்னாச்சு? ஆயிரம் பிரதி வெளிய போயிருச்சுங்க. மாஸ்டர் டேப்புல வேணும்னா அழிக்கலாம். வெளிய போனதை எப்பிடீங்க புடிக்கறது?"

அவள் தலையாட்டினாள். அவர் இரண்டாவது கேசட்டைப் பற்றிப் பேசினார். முதல் கேசட்டை எல்லோரும் கேட்கிறார்கள், அதுவும் அந்த இடைவெளியைப் பற்றித்தான் கேட்கிறார்கள், அங்கே என்ன விட்டுப்போச்சு என்று விசாரிக்கிறார்கள் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். மலையில் பாடுவதை அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பனியில் ஆள் தவறிப்போகும். ஜெஸிந்தா பேரை வைத்தாள், மற்றவர்கள் பேரை வைத்தாள். எல்லோரும் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பதில் கொடுத்தார்கள்.

கார்த்திகையில் மகளுக்கு வளைகாப்பு. மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் தேவாலா. அங்கே மழை எப்போது நிற்கும், எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. விசேஷம் முடிந்து, மறுநாள் மத்தியானம் அங்கம்மா தனியாகப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். கூடலூர் பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது. மழைக்கு ஒதுங்கி ஒரு சாயாக் கடையில் உட்கார்ந்தாள். கடைக்காரர் மலையாளத்துக்காரர். சாயாவைத் தூக்கி ஆற்றிக்கொண்டே, உள்ளே அலமாரியிலிருந்த டேப் ரெக்கார்டரை ஒரு கையால் தட்டிவிட்டார்.

பனி எறங்கி மலை மறைஞ்சு என்று அது பாடிற்று.

கடையில் நாலு பேர் இருந்தார்கள். ஒருவர் பழம்பொரி தின்றுகொண்டிருந்தார். யாரும் தலை குனியவில்லை. யாரும் சிலுவை போடவில்லை. இவளை யாருக்கும் தெரியவில்லை. அட்டையிலிருந்த முகம் சின்னது. அங்கம்மா சாயா கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த இடம் வருவதற்காக உட்கார்ந்திருந்தாள்.

*கூடை நெறஞ்சு போச்சா வீரம்மா*

"ஓ" என்றார் கடைக்காரர், சாயாவை ஆற்றியபடியே.

பழம்பொரிக்காரர் சிரித்தார். "இவரு தெனம் சொல்லுவாரு" என்றார்.

"பின்னே? பாவம், ஒரு ஸ்திரீ இத்தனை தடவை விளிக்குது. ஆரும் பதில் மிண்டலைன்னா எப்படி?" என்றார் கடைக்காரர். அங்கம்மா தன்னையே பார்ப்பதைக் கண்டு, "என்ன சேச்சி, பாட்டு மாத்தணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம். ஓடட்டும்."

"ஆரு சேச்சி இந்த வீரம்மா? நிங்களுக்குத் தெரியுமோ?"

சாயாவின் மேல் ஆடை கட்டியிருந்தது. அதை விரலால் ஒதுக்கினாள்.

"எங்க அக்கா."

"எவிடயாணு?"

"பதுளையில."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கிளாஸைக் கழுவினார். பதுளை எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. இரண்டாவது பாட்டு ஆரம்பித்தது. மேஸ்திரியின் புதுச் சட்டை. கூடலூர் பஸ் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு, ஹார்ன் அடித்தது. அங்கம்மா எழுந்திருக்கவில்லை. அடுத்த பஸ் நாலரைக்கு.

"ஒண்ணு சொல்றேன்" என்றாள் கடைக்காரரிடம். "நீங்க முந்திச் சொல்லிடுறீங்க. பேரு முழுசா முடியணும். ஒரு கிள்ளு விட்டு, அப்புறம் குரல் குடுக்கணும்."

"அங்ஙனயோ?"

பேர் வந்தது. அவர் கெட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றார். ஒரு கிள்ளு விட்டார். பிறகு சொன்னார்.

சரியாக இருந்தது. அங்கம்மா இன்னொரு சாயா கேட்டாள்.